பங்கிராஸ் வாத்தியாரின் வெறுங்குடப் படை

முன்னேற்பாட்டுக்காரரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். ஊருக்கு ஒருவர் தவறாமல் இருக்கிறார். தேனிச் சந்தைக்கு வண்டி ஏறுமுன் அச்சாணியை ஆட்டிப் பார்ப்பார், மாட்டின் வாயைத் திறந்து பார்ப்பார், வண்டிக்காரன் நேற்று நன்றாகத் தூங்கினானா என்று விசாரிப்பார், அதற்குள் சந்தை கலைந்துவிடும். கொள்ளைநோய் வந்தால் ஆகும் என்று கஷாயம் காய்ச்சி, பிள்ளைகள் குடித்துவிடாதபடி பத்திரமாக ஒளித்துவைத்து, ஒளித்த இடத்தை மறந்துவிடுவார். பேச்சு மட்டும் மறக்காது. "வந்தப்பறம் ஓடுறவன் மனுசனா? வருமுன்னே தயாரா நிக்கணும்யா!"

எங்கள் பள்ளத்தாக்கில் இந்த இனத்துக்குத் தலைவர் பங்கிராஸ் வாத்தியார். தேவாரத்துக்குப் பக்கத்தில், உபாத்தியாயர் வேலைக்குப் பிள்ளைகளைப் பழக்கும் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்று. சுற்றிலும் வாத்தியார் குடும்பங்கள், எல்லாம் கூரை வீடுகள். ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கினால் ஒரு பொறி போதும். ஆகவே சனிக்கிழமைதோறும் தீயணைப்பு ஒத்திகை.

மணி அடிக்கும். வாத்தியார் கோட்டும் தலைப்பாகையுமாகக் கல்மேல் ஏறுவார். கிணற்றடியிலிருந்து தானியக் கொட்டகை வரை ஆணும் பெண்ணும் வரிசையாக நிற்பார்கள். குடங்கள் கைமாறிப் போகும். ஏணி உச்சியில் காவல்கார ஒச்சாண்டி வாங்கிக் கூரைமேல் கவிழ்ப்பான். என்ன அழகு! என்ன ஒழுங்கு! குடத்தில் தண்ணீர் மட்டும்தான் கிடையாது.

விடுதியில் சமைக்கும் மதலேனாள் முதல் நாளே கேட்டாள். "வாத்தியாரய்யா, வெறுங்குடத்தக் குடுத்து வாங்குறமே, தண்ணி எப்ப எறைக்கிறது?"

"ஏ ஆத்தா, ஒத்திகைக்கு எதுக்குத் தண்ணி? கெணத்துல கெடக்குறதே கொஞ்சம். மலையில அணை கட்டுறாக, தண்ணி வாரப்ப வரட்டும். இப்பக் கை பழகுனாப் போதும்!"

கை பழகியது. அபாரமாகப் பழகியது.

அந்த ஆடியில் ஒரு சாயங்காலம், சமையல்கட்டு அடுப்பிலிருந்து பறந்த பொறி கொட்டகைக் கூரையில் விழுந்தது. உள்ளே இருந்தது பிள்ளைகளின் வருஷத்துச் சோளமும் கம்பும். அது போனால் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டு எல்லாரும் ஊருக்கு நடக்க வேண்டியதுதான். மதலேனாள் புருஷனை இழந்தவள். மகன் பீட்டர்ராஜ் அந்தக் கஞ்சியைக் குடித்துத்தான் வாத்தியாராக வேண்டும்.

மணி அடித்தது. கண் மூடித் திறப்பதற்குள் வரிசை நின்றுவிட்டது. குடங்கள் பறந்தன. ஒச்சாண்டி முதல் குடத்தைத் தீயின்மேல் கவிழ்த்தான். ஒன்றும் விழவில்லை. அடுத்ததை வாங்கிக் கவிழ்த்தான். "சபாஷ்! வேகம்! வரிசை கோணக்கூடாது!" என்று கல்மேலிருந்து வாத்தியார் கத்தினார். தீயும் வேகமாகத்தான் பரவியது. கிணற்றுக் கயிற்றைத் தொட ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒத்திகையில் அது கிடையாதே!

மதலேனாள்தான் வரிசையை விட்டு ஓடினாள். ராத்திரிக்கு ஆற வைத்திருந்த கஞ்சிப் பானையைத் தூக்கி வந்தாள்.

"ஏலே ஒச்சாண்டி! இதப் புடிச்சு ஊத்துலே!"

கனத்த பானையை வாங்கிப் பழக்கமில்லாத ஒச்சாண்டி ஏணியோடு ஆடினான். ஊற்றினான். கூரை சீறியது. பின்னாலேயே ரசம் வந்தது, மோர் வந்தது. அதைப் பார்த்த பிறகுதான் யாரோ கயிற்றைப் பிடித்தார்கள், தண்ணீரும் வந்தது. கூரையில் ஒரு மூலை போனதோடு தானியம் பிழைத்தது. பிள்ளைகள் அன்று பட்டினி, ஆனால் பள்ளிக்கூடம் இருந்தது. மதலேனாள் காலிப் பானையைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வாத்தியார் சும்மா இருப்பாரா? "பாத்தீகளா, ஒத்திகையோட பலனை!" என்றார். இனிமேல் ஆடி மாதம் முழுக்கக் கொட்டகையடியில் ஒரு பானைக் கஞ்சி தயாராக இருக்க வேண்டும் என்று உத்தரவும் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை மணி அடித்தது. மதலேனாள் வந்து நின்றாள்.

"கஞ்சியத் தூக்கிட்டு வரட்டுமாய்யா?"

"எதுக்கு ஆத்தா? ஒத்திகைதான, வெறும்பானை போதும்."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். அப்படியே, அவசரத்துக்கு ஆகும் என்று உங்கள் வாசலில் மாட்டியிருக்கிறீர்களே அரிக்கேன் விளக்கு, அதை ஒரு தடவை குலுக்கிப் பாருங்கள்.