வல்லரசு சேரும் எங்கள் மதிலும்

வல்லரசு சேரின் வாயில் விழாத நாடு உலகப் படத்தில் இல்லை. கல்முனையில் உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பிக்கிற வாத்தியார்; வல்லரசு என்பது ஊர் வைத்த பட்டம். என் ஓட்டோவில் ஏறினால், இறங்குவதற்குள் இரண்டு கண்டங்களைப் பிரித்துக் கொடுத்துவிடுவார். சர்வதேச உறவு என்பது கல்யாணச் சாப்பாடு மாதிரி என்பார். பலர் சுற்றியிருந்து சாப்பிடும் ஒரே சஹன் தட்டில் யார் யாரோடு கை வைக்கமாட்டார் என்பதுதான் முழுப் பாடமுமாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். "ஓம் சேர்" என்பதைத் தவிர எனக்கு வேறு கொள்கை இல்லை.

என் மதிலை அவர் கண்ட அன்றுதான் வந்தது வில்லங்கம்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளைமார் பெண் வீட்டில்தான் குடியேறுவது. அதனால் ஒரே வளவில் நானும் என் மனைவியின் தங்கை புருஷனும். நடுவில் இடுப்பளவு மதில். திடீரென்று சகலன் இரண்டு வரி கல் உயர்த்தினான். நான் மூன்று வைத்தேன். அவன் மேலே தகரம் அடித்தான். கதை பேச்சு நின்றது. அடுத்த மாதம் என் மகளின் கல்யாணம். "என்ட தங்கச்சி இல்லாம என்ன கல்யாணம்" என்று மனைவி அழுதபடி இருந்தாள்.

சேர் வகுப்பையே என் முற்றத்துக்குக் கூட்டி வந்துவிட்டார். வெட்கத்தில் நான் ஓட்டோவுக்குள் பதுங்கினேன்.

"புள்ளையள், நல்லாப் பாருங்க. இவரு பயத்துல உயர்த்துறாரு. அதப் பாத்துப் பயந்து அவரு உயர்த்துறாரு. ரெண்டு பேருக்கும் சண்டைக்கு விருப்பமில்ல. இதுதான் பாதுகாப்பு இக்கட்டு."

"அப்ப ஆரு சேர் முதல்ல நிப்பாட்டுற?" என்றாள் ஒரு மாணவி.

தகரத்துக்கு அப்பாலிருந்து சகலனின் குரல் வந்தது.

"எனக்கு ஒரு பயமுமில்ல சேர். அவர்ட ஓட்டோ லைட் எங்கட ஜன்னலுக்குள்ள அடிக்கிது. அதுக்குத்தான் உயர்த்தின."

என்னையும் மீறி வாய் திறந்தது. "அத ஒரு சொல்லு சொல்லிரிக்கலாமே தம்பி."

"நீங்க எப்பயாவது வாயத் திறந்தாத்தானே காக்கா." அண்ணன் முறை சொல்லி அவன் என்னைக் காக்கா என்று கூப்பிட்டு எத்தனையோ நாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். சேருக்கு மட்டும் கோபம். "சமாதானம் அடுத்த தவணைப் பாடம். அதுவரைக்கும் ரெண்டு பேரும் சண்டையில இரிங்க."

நாங்கள் அவர் சொல்லைக் கேட்கவில்லை. கல்யாணத்தன்று நானும் சகலனும் ஒரே சஹனில் கை வைத்தோம். நடுவில் இருந்த சேர், "வலுச் சமநிலை" என்று சொல்லி இறைச்சியைப் பங்கிட்டார். உள்ளே மனைவியும் தங்கையும் சிரிப்பது கேட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

நான் ஓட்டோவை மறுபக்கம் திருப்பி நிறுத்தத் தொடங்கினேன்; தகரத்தைக் கழற்றிவிட்டோம். ஆனாலும் வருடா வருடம் சேர் புது வகுப்போடு வருவார். அன்று காலையில் நானும் சகலனும் சேர்ந்து தகரத்தைத் திரும்ப அடித்துவிட்டு, அவருக்காக ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்போம்.