உன் அண்ணனைவிட நீ குள்ளம்தான்

ரும்பெக்,
மழை விட்ட மூன்றாம் நாள்.

கடல் தாண்டிப் போய்க் கூடைப்பந்து விளையாடிப் பேர் வாங்கிய ஏழடி ஐந்தங்குலப் பேரன் மாக்குவெய்க்கு, பாட்டி அக்குவோல் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா நியிபோல், பதினோரு மாடுகள், எல்லாரும் சுகம். ஒரு கன்றுக்கு மட்டும் கழிச்சல். நீயும் உன் முழங்கால்களும் சுகமாக இருக்க வானத்துச் சாமி நியாலிக்கை வேண்டுகிறேன்.

போனில் சொன்னால் ஊரே காது கொடுக்கும். அதனால் மிஷன் பள்ளியில் ஐந்தாவதில் முதலாக வந்த இந்தக் கையால் எழுதி, அங்கே வரும் பாதிரியாரிடம் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படி. உன்னை நான் கெடுத்துவிட்டேன்.

உனக்கு நிஜமாக என்ன வயது என்று துருவ உன் குழுவிலிருந்து ஒருவர் வருவார், காகிதத்தில் இருப்பதை மட்டும் சொல்லு பாட்டி, பொய்க் காகிதம் என்று தெரிந்தால் என்னைத் துரத்திவிடுவார்கள் என்று நீ சொல்லியிருந்தாயே, அவர் போன வாரம் வந்தார். நம் குடிசை வாசலில் நீ மூன்றாக மடிவாய், உன் அம்மா இரண்டாக மடிவாள், இந்த மனுஷன் தொப்பியோடு நிமிர்ந்தே உள்ளே வந்தார். யார் பெற்ற பிள்ளையோ, வளராமலே போய்விட்டதே என்று இரண்டு சுரைக்குடுக்கைப் பால் கொடுத்தேன். என் பேச்சை அவர் பாஷையில் மாற்றிச் சொல்ல நம்ம மயேன் கூட இருந்தான். பேரன் பிறந்த நாள் என்ன என்றார், அகதி முகாமில் எல்லாருக்கும் எழுதிக்கொடுத்தபடி சனவரி ஒன்று என்றேன். உங்களுக்கு? சனவரி ஒன்று. உன் அம்மா? சனவரி ஒன்று. மயேனுக்கும் அதுவேதான். "ஏம்மா, இந்த ஊர்ல மத்த நாள்ல யாரும் பொறக்கவே மாட்டீங்களா?"ன்னு கேட்டார். "மத்த நாள்ல மாடு மேய்க்கணும்ல"ன்னு உங்கம்மா சொல்லிட்டா.

அதோட போயிருந்தா நல்லாருந்திருக்கும். எழுந்தவர் உன் படத்தைக் காட்டி, "உங்க வம்சத்துலயே இவர்தானே உயரம்?"ன்னாரு. எனக்குச் சுருக்குன்னுது. "யாரு, இவனா? எங்க வீட்ல இவன் குள்ளன். இவன் அண்ணன் ஒம்பது வயசுலயே என் தோளைத் தொட்டவன். இருந்திருந்தா இவனைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நடந்திருப்பான்!"னேன். உங்கம்மா என் தொடையைக் கிள்ளினா பாரு, இன்னும் கன்னிப்போயிருக்கு. காகிதத்துல நீதானே தலைப்பிள்ளை.

வாய் திறந்தது திறந்ததுதான், மூடலை. முகாம்ல ரெண்டே நாள் காய்ச்சல்ல உன் அண்ணன், நிஜ மாக்குவெய், செத்துப்போனதைச் சொன்னேன். இருந்த ஒத்தைத் துணி அந்த உயரத்துக்குப் பத்தலை, தலையை மூடினா காலு, காலை மூடினா தலைன்னு சொன்னேன். ஆறு வயசுல என் பின்னால நடந்து வந்த உனக்கு, பதிவு முடிஞ்சுபோச்சுன்னு சாப்பாட்டு அட்டை கிடைக்கலை, அதனால அவன் அட்டையை உன் கையில குடுத்து, இனிமே நீதான் மாக்குவெய்னு சொன்னோம்னேன். இது திருட்டு இல்லைங்க, எங்கள்ல கல்யாணமாகாம செத்தவனுக்காகத் தம்பி பொண்ணு கட்டுவான், பிள்ளைங்க அண்ணன் பேர்லதான் வளரும், செத்தவன் பேர் அழிஞ்சு தலை சாயக்கூடாது, இவன் பிள்ளை பெறுறதுக்குப் பதிலா பந்து போடுறான், அவ்வளவுதான்னும் விளக்கினேன். அவர் தொப்பியைக் கழட்டினார். கண்ணைத் துடைச்சுக்கிட்டே பக்கம் பக்கமா எழுதினார். முடிஞ்சது உன் பொழப்பு.

அவர்கள் துரத்தும் முன் நீயே வந்துவிடு. மாடு மேய்க்க உயரம் தடையில்லை. உன் நிஜப் பேரை எந்தத் தாளிலும் எழுதக்கூடாது என்று உன் அம்மா சத்தியம் வாங்கியிருப்பதால் கடிதத்தின் தலைப்பில் அதை எழுதவில்லை.

உன் தலையில் தண்ணீர் உமிழ்ந்து ஆசீர்வதிக்க எட்டாத பாட்டி,
அக்குவோல்.

பி.கு.: வராதே! மடிக்கும்போது மயேன் வந்தான். "பாட்டி, நீ சொன்னதை நான் சொல்லலை. செத்தது உன் பேரன் ஆசையா வளத்த எருதுன்னு சொன்னேன்"ங்கிறான். பாவி, அந்த மனுஷன் அழுததெல்லாம் எருதுக்காம்! செத்ததும் அதைச் சாப்பிட்டீங்களான்னு கேட்டாராம். மயேன் அதை என்கிட்ட கேக்கலை. கேட்டிருந்தா ஆமாம்னுதான் சொல்லியிருப்பேன், உன் அண்ணன் அட்டைச் சோளத்துலதானே நீ வளர்ந்தே. சிரிச்சேன். அப்புறம்தான் உறைச்சுது. செத்தவன் பேரை ஒரு மைதானமே கத்துது. உயிரோட இருக்கிற உன் பேரைச் சொல்ல உங்கம்மாவும் நானும்தான், நானும் எத்தனை நாளைக்கு? கடிதத்தை எரிச்சுடு. இந்தக் கடைசி வரியை மட்டும் கிழிச்சு வெச்சுக்கோ.

மலுவால், சாப்பிட்டியாடா?