பிரவுசர் ஓரத்தில் குடியேறியவர்

போனோமா, காரியத்தை முடித்தோமா, வந்தோமா என்று பிரவுசரைப் பயன்படுத்திய காலம் மலையேறிவிட்டது. இப்போது அதன் ஓரத்திலேயே 'சைட்பார்' என்று ஒரு பட்டியைத் தைத்து, நண்பர் கூட்டம், அரட்டை, லைக், பிறந்தநாள் வாழ்த்து எல்லாவற்றையும் அதில் ஏற்றிக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பட்டிக்குள்ளேயே குடியேறிவிட்ட ஒரு பிறவி உண்டு. அவர்தான் ஓரப்பட்டியார். எந்த ஊரிலும் கிடைப்பார்.

திரையின் நடுவில் என்ன இருக்கிறது என்று இவர் பார்த்ததே கிடையாது. கரண்ட் பில் கட்டத் திறப்பார். ஓரத்தில் மன்னார்குடி மச்சான் பிரியாணிப் படம் போட்டிருப்பார். அதற்கு ஒரு 'சூப்பர் மச்சான்', அதற்கு வந்த நன்றிக்கு ஒரு கைகூப்பு, அந்தக் கைகூப்புக்கு வந்த சிரிப்புக்கு ஒரு சிரிப்பு. பில்? அது கிடக்கும். ஃபியூஸைப் பிடுங்க வந்தவரையும் நண்பராகச் சேர்த்துக்கொள்வார்.

குடவாசல் பக்கத்துக் கோவிந்தராசு இந்த இனத்தின் அசல் சரக்கு. அறுத்த நெல் களத்தில் குவிந்து கிடக்க, மனைவி கலைமகள் காவல் நின்றார். "நெல் கொள்முதலுக்கு ஆன்லைன்ல பதிஞ்சுட்டு, தார்ப்பாயை எடுத்துக்கிட்டு சீக்கிரம் வாங்க" என்று சொல்லி இவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார். கோவிந்தராசு லேப்டாப்பைத் திறந்தார். ஓடிபி வந்தது. கூடவே ஓரத்தில் ஒரு செய்தியும் வந்தது: மாலைக்குள் கனமழை.

எழுந்து ஓடினாரா? எழுத உட்கார்ந்தார். 'டெல்டா விவசாயச் சொந்தங்களே, நெல்லை உடனே மூடுங்கள்' என்று உருக்கமாக ஒரு பதிவு. மயிலாடுதுறையிலிருந்து நன்றி வந்தது, துபாயிலிருந்து தௌபீக் இதயம் அனுப்பினார், 'உங்களை மாதிரி ஆளுங்கதான்ணே வேணும்' என்று யாரோ எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தார், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் போட்டார். ஓடிபி காலாவதியானது. தார்ப்பாய் அவர் காலடியிலேயே சுருண்டு கிடந்தது.

களத்தில் பக்கத்துக் குவியல்காரர் சாமிதுரை போனைப் பார்த்துவிட்டு அவசரமாகத் தன் நெல்லை மூடினார்.

"என்னண்ணே, வெயிலடிக்கிறப்பவே மூடுறீங்க?" என்றார் கலைமகள்.

"மழை வருதாம்மா. உங்க வீட்டுக்காரருதான் போட்டிருக்காரு. நல்ல மனுஷன்."

கலைமகள் போன் அடித்துப் பார்த்தார். நல்ல மனுஷன் எடுக்கவில்லை, பதில் எழுதிக்கொண்டிருந்தார். மழை வந்தது. ஒரு போகத்து உழைப்பு அந்த அம்மாள் கண்ணெதிரே ஊறியது.

முளைவிட்ட நெல்லை எவன் வாங்குவான்? வாத்துக்குத்தான் போடலாம். கோவிந்தராசு அதையும் படமெடுத்து ஓரத்தில் போட்டார். அனுதாபம் வந்து குவிந்தது.

"பாரு, நமக்காக எவ்வளவு பேரு வருத்தப்படுறாங்க" என்று மனைவியிடம் காட்டினார்.

"அடுத்த அறுப்பு வரைக்கும் அவங்களையே சோறு போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, கலைமகள் கூலி வேலைக்குக் கிளம்பினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உங்களுக்கும் வருகிறதல்லவா? 'இதை உடனே நம்ம ஆட்களுக்கு அனுப்ப வேண்டும்' என்று கை பரபரக்கிறதா? தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். நீங்கள் எந்த வேலைக்காகப் பிரவுசரைத் திறந்தீர்கள்?