முப்பத்திரண்டு சத்தங்களில் என் குரல் இல்லை

மீஞ்சூர்,
சனிக்கிழமை மதியம்.

கர்த்தருடைய கிருபை நிறைந்த கிறிஸ்டினா அண்ணிக்கு,

உங்கள் தம்பி பெண்டாட்டி ஜெபா வணக்கத்தோடு எழுதுவது. இங்கே நானும் குழந்தை செலினும் அத்தையும் சுகம். உங்கள் தம்பி பென்னி சுகமா என்பதை இதைப் படித்து முடித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். அரக்கோணத்தில் அண்ணனுக்கு முட்டி வலி தேவலையா? போன மாதம் நீங்கள் அனுப்பிய மெசேஜுக்கு இவ்வளவு தாமதமாகப் பதில் எழுதுவதற்கு மன்னிக்கவும். போன் என் கையில் இல்லை. உங்கள் தம்பி போனில் இடம் நிரம்பிவிட்டதால் என் போனும் ரெக்கார்டிங் கருவியாகிவிட்டது. கிடைக்கிற நேரத்தில் உங்களுக்கு வாய்ஸ் அனுப்பலாம் என்றால், அதையும் கேட்டுவிட்டு, எதிரொலி அதிகம் என்று மார்க் போடுகிறார். காகிதத்தில் எதிரொலி இல்லை, அதனால் கடிதம்.

மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு ரயிலேறி சென்னைக்குப் போய் மீடியா படிப்பு படிக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டி பிரஸ் ஷாப்பில் பத்து வருடம் தகடு அடித்த மனிதர் இப்போது கவனிக்கக் கற்றுக்கொள்கிறாராம். அங்கே சந்திரமோகன் சார் என்று ஒருவர், நாமெல்லாம் கண்ணிருந்தும் பார்ப்பதில்லை, காதிருந்தும் கேட்பதில்லை என்று சொன்னாராம். வீட்டுக்கு வந்து அதை வேதவசனம் மாதிரி எனக்குச் சொன்னார். கல்யாணமான இரண்டாவது வாரத்திலிருந்து நான் சொல்லிக்கொண்டிருப்பதும் அதுதானே, அண்ணி. நான் சொன்னால் தொணதொணப்பு, சார் சொன்னால் பாடம்.

இதோடு நின்றிருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன். கம்பெனியில் பாதுகாப்புப் பயிற்சிக்கு வீடியோ எடுக்க ஆள் தேடுகிறார்களாம். மெஷினை விட்டு அந்தப் பிரிவுக்குப் போக விருப்பக் கடிதம் கொடுக்கப் போகிறேன் என்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை கடைசி நாள். பத்து வருடம் கான்ட்ராக்டில் கிடந்து போன ஜூனில்தான் பர்மனென்ட் ஆனது, நீங்கள்கூட உபவாசம் இருந்தீர்களே. அங்கே மாறினால் மறுபடி ஆறு மாதம் புரொபேஷன், பிடிக்காவிட்டால் நடையைக் கட்டு என்பார்கள். நீங்கள் ஒரு அதட்டல் போட்டால்தான் அடங்குவார். புதன்கிழமைக்குள் வந்து அவரைத் தடுக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். இவர் கவனிக்கக் கற்றுக்கொண்ட லட்சணத்தைச் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

முதல் வீட்டுப்பாடம், கண்ணை மூடிப் பத்து நிமிடம் உட்கார்ந்து காதில் விழுவதை எல்லாம் எழுதி வரவேண்டும். ஜன்னலில் வலது கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு, அடுப்படிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அடுப்பில் குக்கரில் பருப்பு. இந்தப் பக்கம் பாத்ரூமில் நான் செலினுக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, அடுப்பை அணையுங்க, அணையுங்க என்று நான்கு தரம் கத்தினேன். ஆள் அசையவில்லை. பருப்பு கருகி, குக்கர் அடி பிடித்து, நான் ஈரக் குழந்தையோடு ஓடிவந்து அணைத்தேன். நோட்டைப் பிடுங்கிப் பார்த்தால் மொத்தம் முப்பத்திரண்டு சத்தம். கும்மிடிப்பூண்டி லோக்கல் ஹாரன் இருக்கிறது, எதிர்வீட்டுக்காரர் தொண்டையைச் செருமியது இருக்கிறது, மூன்றாவது வீட்டில் கரண்டி விழுந்தது இருக்கிறது, குக்கர் விசில் ஏழு என்று எண்ணிக்கையோடு இருக்கிறது. தாலி கட்டிக்கொண்ட நான் இல்லை. கேட்டதற்கு, “சார் இன்னா சொல்லிகிறாருன்னா, கேக்கறத எழுதணும், நடுவுல பூந்து எதையும் மாத்தக் கூடாது” என்கிறார். அடுப்பை அணைத்தால் பாடம் கெட்டுவிடுமாம்.

அடுத்தது பார்க்கும் பாடம். சீரியலைச் சத்தமில்லாமல் பார்த்தால் படம் என்ன சொல்கிறது என்று தெரியுமாம். எந்த நாள் பார்த்து ரிமோட்டை எடுத்தார் தெரியுமா, அந்த மருமகள் உண்மையைச் சொல்லப் போகிற நாள். உங்கள் அம்மா மூன்று நாள் மகனோடு பேசவில்லை. அவர் அதையும் கவனிக்கவில்லை. அப்புறம் மோசஸ் பையனுக்கு ஞானஸ்நானம். மோசஸ் யாரென்று உங்களுக்கு ஞாபகமிருக்கும், பக்கத்து மெஷின்காரர், கம்பெனி பஸ்ஸுக்கு இரண்டு பேரும் சேர்ந்தே நிற்பார்கள், அதுவும் மோசஸ் எப்போதும் இவருக்கு வலது பக்கம், மாறி நின்று நான் பார்த்ததில்லை. அந்த உரிமையில், சும்மா எடுத்துத் தருகிறேன் என்று இவரே போய் வீடியோ எடுத்தார். நாற்பது நிமிடப் படத்தில் தண்ணீர் சொட்டுவது ஒன்பது தரம் வருகிறது, மெழுகுவர்த்தி உருகுகிறது, ஞானஸ்நானம் கொடுத்த பாஸ்டர் ஐயருடைய செருப்பு வருகிறது. குழந்தை முகம் வரவே இல்லை. மோசஸ் பெண்டாட்டி என்னைக் கோயில் வாசலிலேயே மடக்கி, “ஏன்கா, எம் புள்ளைக்கு மூஞ்சி இல்லியா? ஐயரு காலு எனக்கு இன்னாத்துக்கு?” என்று கேட்டாள். இவரைக் கேட்டால், வெளிச்சம் செருப்பில்தான் நன்றாக விழுந்ததாம்.

குரல் பதிவுக்கு எதிரொலி இல்லாத இடம் வேண்டும் என்று என் பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசினார். செலின் வந்து கதவைத் தள்ளிச் சாவியைத் திருப்பிவிட்டது. நானும் அத்தையும் ஆளைக் காணோமென்று தெருவெல்லாம் தேடுகிறோம், பஸ் போயேபோய்விட்டது, பட்டுப் புடவைக்குள் உட்கார்ந்து இந்த மனிதர் ‘பணியிடப் பாதுகாப்பு’ பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். கதவு பூட்டியதே அவருக்குத் தெரியாது.

போன வாரம் செலின் வாயில் ஆரஞ்சு நிறத்தில் எதையோ மென்றுகொண்டிருந்தது. எனக்கு உயிரே போய்விட்டது, அண்ணி. விரலை விட்டு எடுத்தால், இவர் சட்டைப் பையிலிருந்து விழுந்த இயர் பிளக். மெஷின் சத்தத்துக்குக் காதில் அடைத்துக்கொள்ளக் கம்பெனியில் ஜோடியாகக் கொடுப்பார்களே, அது. ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்றைக் குழந்தை முழுங்கிவிட்டதோ என்று நான் பதறி அழ, இவர் சாவதானமாக, “அது மோசஸாண்ட கீது. ஆளுக்கு ஒண்ணு. எனுக்கு வலது, அவனுக்கு இடது. ஒரு காத தெறந்து வெச்சாத்தான் மெஷின்ல டை அச்சு உடையப் போற சத்தம் தெரியும், ஷாப்புல அல்லாரும் அப்பிடித்தான்” என்கிறார். பத்து வருடமாக ஒரு ஜோடியைப் பிரித்து வைத்துக்கொண்டு வாழ்கிறார்கள். இந்த இரண்டு அறிவாளிகளில் ஒருவர்தான் பாதுகாப்பு வீடியோ எடுக்கப் போகிறார்.

ஹெட்போன் கதையையும் கேளுங்கள். மீஞ்சூர் பஜாரில் வாங்கியது, இடது பக்கம் சத்தம் வரவில்லை என்று இரண்டு தரம் மாற்றி வந்துவிட்டார். கடைக்காரர் தன் காதில் மாட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லியும், மூன்றாவதும் கோளாறு என்கிறார். அதோடு விட்டாரா, இடது பக்கத்துச் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வைத்துப் பரீட்சைப் பாடத்தை அனுப்பினார். சந்திரமோகன் சார் கேட்டுவிட்டு, என் இடது காது ஜவ்வு கிழிந்ததப்பா என்று திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று மாதம் படித்த படிப்பு இது. இந்தப் படிப்பை நம்பி பர்மனென்ட் வேலையை விடுவேன் என்றால் நான் குழந்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? ராத்திரி எல்லாம் பக்கத்தில் படுத்துக்கொண்டு இதைத்தான் சொல்கிறேன். பதிலே கிடையாது, சுவரைப் பார்த்துக்கொண்டு புன்சிரிப்பு.

ஆகவே, அண்ணி, எப்படியாவது வந்துவிடுங்கள். அண்ணனுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள், முக்கியமாக அவர் புத்தியை. சமாதானத்தின் தேவன் உங்கள் வீட்டில் தங்கியிருப்பாராக, முடிந்தால் ஒரு நடை இங்கேயும் வந்து போகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கீழ்ப்படிதலுள்ள தம்பி மனைவி,
ஜெபா.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அவர் முதல் ஷிஃப்ட் முடிந்து வந்துவிட்டார். தரையில் உட்கார்ந்திருந்தவர் தலையில் செலின் ஹெட்போனைத் திருப்பி மாட்டிவிட்டது, வலது பக்கம் இடதில், இடது பக்கம் வலதில். அவர் அதில் ஓடிய பதிவைக் கேட்டுவிட்டு, “ஜெபா, செத்துப்போன பக்கம் இப்ப பேசுது. நல்லா இருந்த பக்கம் செத்துடுச்சி” என்றார். நான் வாங்கி என் காதில் மாட்டினேன். இரண்டு பக்கமும் கோயில் மணி மாதிரி கேட்கிறது. பிறகு நான் சத்தமில்லாமல் அவருக்கு இடது பக்கம் போய் உட்கார்ந்து, சாதாரணக் குரலில், நீ ஒரு வடிகட்டின முட்டாள் என்றேன். அவர் குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அண்ணி, எங்கள் கட்டிலுக்கு வலது பக்கம் சுவர். நான் ஆறு வருடமாக இடது பக்கம் படுக்கிறேன். மோசஸ் பெண்டாட்டிக்குப் போன் போட்டு, அவள் புருஷனை, பிளக் வைக்காத அந்த வலது காதுப் பக்கத்திலிருந்து கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பெண் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை இரண்டு பேரையும் காது டாக்டரிடம் கூட்டிப் போகிறோம். விருப்பக் கடிதத்தை நானே எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டேன். ஆறு மாதம் புரொபேஷனாம், இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் தடுக்க வரவேண்டாம். சும்மா வாருங்கள், வந்தால் அவருக்கு வலது பக்கம் உட்காருங்கள். ஆறு வருடம் திட்டியது ஒன்றுகூட உள்ளே போகவில்லை, அண்ணி. எல்லாவற்றையும் முதலிலிருந்து திட்ட வேண்டும். அதற்கு அந்த ஒரு காதாவது எனக்கு மிச்சம் வேண்டும்.