குளியலறையில் ஒரு மூளை

ஈப்போவில் என்னை ஸ்ட்ரா அண்ணன் அளவுக்குத் தலைகுனிய வைத்தவர் வேறு யாருமில்லை. எண்பதுகளின் கடைசியில் இருவரும் ஒரே வாடகை வீட்டில் இருந்தோம். கோப்பிக்கடையில் பக்கத்து மேசைக்காரர் எழுந்ததும், அவர் குடித்த கிளாசிலிருந்து ஸ்ட்ராவை உருவிச் சட்டைப்பையில் செருகிக்கொள்வார். நான் சுவரைப் பார்ப்பேன். கடைக்காரச் சீனர் என்னைத்தான் பரிதாபமாகப் பார்ப்பார்.

எல்லாம் மூளைக்காக. அண்ணன் ஒரு கல்லூரியின் கணினி அறையைப் பார்த்துக்கொண்டவர். மூளைக்குள் தண்ணீர் அலைவதை வைத்து நரம்புகளைப் படமெடுக்கும் புது ஸ்கேன் பற்றி எங்கோ படித்துவிட்டார். அதைக் கணினியில் செய்து பார்க்க ஆசை. திரையில் ஒரு புள்ளி, அதுதான் தண்ணீர், நரம்புக் குழாய்களில் முட்டி முட்டித் திரும்பும்.

"கொழாய கம்ப்யூட்டரே வரிசையா போட்டுக்காதாண்ணே?"

"வரிசையா நடுறதுக்கு மூளை என்ன ரப்பர் தோட்டமா லா? அது காடு தம்பி."

அதனால் தடித்ததும் மெலிந்ததுமான ஸ்ட்ராக்களை பிஸ்கட் டின்னில் திணித்து, சுங்காய்த் தோட்டத்தில் மரம் வெட்டிப் பால் எடுக்கும் ஒரு அக்காவிடம் வாங்கிவந்த ரப்பர் பாலை ஊற்றி, ஆசிட் விட்டு உறைய வைப்பார். கட்டியை அறுத்து, மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினால் வட்டங்கள் விழும். அவற்றை அளந்து கணினிக்குக் கொடுப்பார். நாற்றம் எனக்கு.

சிலிம் ரிவரிலிருந்து பெண் வீட்டார் என்னைப் பார்க்க வந்தார்கள். ஏற்கெனவே ஓரிடம் தட்டிப்போயிருந்தது.

"அண்ணே, இன்னிக்கு மட்டும்..."

"நான் இருக்கறதே தெரியாது, போ."

உண்மையிலேயே தெரியவில்லை, பெண்ணின் அப்பா குளியலறைக் கதவைத் திறக்கும்வரை. உள்ளே டின்னைக் கட்டிக்கொண்டு அண்ணன் குந்தியிருந்தார்.

"என்னப்பா இது?"

"மூளைங்க."

"யாரோடது?"

"எல்லாருக்கும் உள்ளதுதாங்க."

எனக்கு மானம் போயிற்று. அண்ணன் டின்னோடு வெளியே வந்து தலைகுனிந்து நின்றார்.

"ஐயா, நாத்தம் என்னோடது. தம்பி சுத்தமான பையன். என்னை வெரட்டாம வச்சிருக்கான், அதான் அவன் செஞ்ச தப்பு."

அவரை அனுப்பிவிட வேறு அறை விசாரித்து வைத்திருந்தவன் நான். நிமிர முடியவில்லை.

பெரியவர் யோசித்தார். "இந்த நாத்தத்துலயும் கூட்டாளிய வெரட்டலன்னா, என் பொண்ண நல்லாத்தான் வச்சிக்குவாரு. இப்ப பாத்ரூம் போலாமா?"

கல்யாணத்துக்கு அண்ணன் கொடுத்தது ஓட்டை ஓட்டையாக ஒரு ரப்பர் துண்டு. அலமாரியில் இன்னும் இருக்கிறது. அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். நாற்றமும் போய்விட்டது. மனைவி பார்க்காதபோது எடுத்து மூக்கில் வைத்துப் பார்க்கிறேன்.