அலாரத்துக்கு வந்த வேல்கம்பு

ஜெயக்கொடி கண் விழித்தபோது, வேல்கம்பும் அரிவாளுமாகப் பாதி ஊர் அவள் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தது.

"எவன்டா உள்ள? களவாணியா, ஜப்பான்காரனா?"

"ஒருத்தனும் இல்ல. அடிச்சது என் கடிகாரம்!"

ஜப்பான்காரன் வந்துவிடுவான் என்று ஊரே பயந்துகிடந்த யுத்த காலம் அது. கீழக்குயில்குடியின் முதல் பி.ஏ. அவள். பசுமலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. ஏற்கெனவே இரண்டு தரம் தாமதம். இன்னொரு தரம் பிந்தினால் வேலை போய்விடும் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். அதற்காகத்தான் மதுரைக்குப் போய் அலாரம் கடிகாரம் வாங்கிவந்தாள்.

கூட்டத்தின் முன்னால் நின்ற மலையாண்டி கம்பை இறக்கவில்லை. "நீதானத்தா நேத்து சொன்ன? அலாரம்னா, இத்தாலிச் சிப்பாய்க 'ஆயுதத்த எடு'ன்னு கத்துன சத்தமின்னு?"

"அது அந்தச் சொல்லு பொறந்த கதை, சின்னையா!"

"கதையோ என்னமோ. ஆயுதத்த எடுன்னு சத்தங் கேட்டா வீட்டுக்கு ஒரு ஆள் வரணும். வராத வீட்டோட ஊரு பேசாது. தெரியும்ல?"

பின்னாலிருந்து காளை என்ற இளவட்டம் எட்டிப் பார்த்தான். "அக்கா, வெறும் வாயாலயா கத்துனாக? கொட்டு கிட்டு இல்லையா?"

கேள்வி என்று வந்துவிட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது. "இல்லாம? முரசு, எக்காளம் எல்லாம் உண்டு."

மறுநாள் அலாரம் அடித்ததும் தமுக்கு கொட்டிக்கொண்டு வந்தார்கள்.

சத்தம் வெளியே போகாமலிருக்க, கடிகாரத்தைக் காலியான நெல் குலுக்கைக்குள் வைத்தாள். அந்த மண் குலுக்கை கும்மென்று அதிர்ந்ததில், விடியுமுன் அடுத்த தெருவும் சேர்ந்து வந்தது.

அன்று சாயங்காலம் ஊர் கூடும் சாவடியில் போய் நின்று வெடித்தாள். "பொம்பளை படிச்சா வேடிக்கையா உங்களுக்கு? நாளைக்கு எவனாச்சும் வந்தா, இந்த ஊர்லயே இருக்க மாட்டேன்!"

வீட்டுக்கு வந்து தாய் செல்லத்தாயிடமும் பாய்ந்தாள். "நீயும் என்னைத் தொட்டு எழுப்பக் கூடாது. எனக்குக் கடிகாரம் இருக்கு."

மறுநாள் ஜெயக்கொடி கண் விழித்தாள். வாசலில் ஒரு குருவிச் சத்தம்கூட இல்லை. அப்பாடா என்று புரண்டவளின் முகத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது.

அலறிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். "ஆத்தா! வேலை போச்சே! கடிகாரம் அடிக்கலையா?"

செல்லத்தாய் சாணியை வழித்தபடியே சொன்னாள்: "அடிக்காம என்ன? அந்தச் சத்தத்துக்கு நீ என்னைக்கு எந்திரிச்சடி? அது அவுகள எழுப்பும், அவுக வந்து உன்னைய எழுப்புவாக."