மாலை ஆறு மணி இருமல்

இருமல் வேண்டும் என்று உட்கார்ந்தால் இருமல் வந்துவிடுமா? கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டும் ராபின் அரை மணி நேரமாகச் செருமிப் பார்த்தான். ஒன்றும் நடக்கவில்லை.

கல்லீரலில் பழைய மஞ்சள்காமாலைக் கிருமி. அதற்கு வாரம் ஒரு ஊசி. சிலருக்கு அந்த ஊசி நுரையீரலையும் ஒரு கை பார்த்துவிடும் என்பதால், இருமலோ மூச்சிரைப்போ உண்டா என்று தினமும் மாலை ஆறு மணிக்கு வாட்ஸப்பில் சொல்ல வேண்டும். நர்ஸ் ஈஸ்வரி அட்டையில் ஒரு நம்பர் எழுதிக் கொடுத்திருந்தாள்.

அந்த நம்பரிலிருந்து, 'சாப்பிட்டீங்களா? மறுபடி ஊறுகாயத் தொட்டீங்களா?' என்றுகூடக் கேள்வி வரும். ஆஸ்பத்திரி என்றால் இதுவல்லவா ஆஸ்பத்திரி என்று உருகிப்போனான் ராபின். ஒருநாள் மனசு தாங்காமல், 'மோனிகா இல்லாம ஊடு ஊடாவே இல்ல சிஸ்டர்' என்று அனுப்பிவிட்டான்.

பதில் வர இருபது நிமிஷம் ஆனது. 'இருமல் இருக்கா இல்லையா, அத்த மட்டும் சொல்லுங்க.'

மோனிகா அவன் மனைவி. நோயை ஆறு மாதம் தன்னிடம் மறைத்துவிட்டான் என்ற கோபத்தில் மீஞ்சூருக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போனையும் எடுப்பதில்லை. அவள் மடித்து வைத்துவிட்டுப் போன போர்வையை அவன் இன்னும் பிரிக்கவில்லை. அவ்வளவு ஏக்கம்.

இருமல் என்றால் ஆஸ்பத்திரியே அவளைக் கூப்பிட்டுச் சொல்லும், அவளும் ஓடி வருவாள் என்பது ராபின் போட்ட திட்டம். 'லேசா இருமுது' என்று தட்டிவிட்டான்.

மறுநாள் எக்ஸ்ரே எடுத்தார்கள். நெஞ்சு சுத்தமாக இருந்தது. மோனிகா வரவில்லை.

அன்று மாலை, 'படி ஏறுனா மூச்சு வாங்குது' என்றான். விடிந்ததும் வரச்சொல்லி, டாக்டர் ஊசியையே நிறுத்தினார். முதலில் ஸ்கேன் என்றார்.

"சார், ஊசி நின்னா ஈரல் இன்னா ஆவும்?"

"இத்தனை மாசம் போட்டது வீணாப் போகலாம். அதுக்காக நுரையீரலைப் பலி குடுக்க முடியுமா?"

ராபினுக்கு இப்போது நிஜமாகவே மூச்சு வாங்கியது. டாக்டர் நகர்ந்ததும் ஈஸ்வரியைக் கும்பிட்டான்.

"சிஸ்டர், அல்லாம் பொய். என் சம்சாரம் வருவாளான்னுதான் சொன்னேன். தெனமும் அக்கறையா கேட்ட உங்களயே ஏமாத்திக்கினு இருந்தேன். மன்னிச்சிடுங்க."

"எங்கிட்ட ஏன் மன்னிப்பு கேக்குறீங்க? 'நானே தெனமும் கேட்டுச் சொல்றேன், அவருக்குத் தெரிய வேணாம்'னு புது சிம் வாங்கி அந்த நம்பர எழுத வச்சவங்க, மொத ட்ரெயின்ல மீஞ்சூர்லேர்ந்து வந்து ஸ்கேன் ரூம் வாசல்ல அழுதுக்கினு நிக்கிறாங்க, அவங்களாண்ட போய்க் கேளுங்க!"